200 எம்பி கார்டு கேமராவில் ஏன் திணறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேமரா பகுதிக்கு வந்த கடிதங்களில் இந்த முறை நிறைய மெமரி கார்டைப் பற்றியவை. லென்ஸ், லைட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன், சோனி ஏ7 மார்க் 4 வைத்திருக்கிறேன். கார்டு மேலேயே நொடிக்கு 200 எம்பி (மெகாபைட்) என்று போட்டிருக்கிறது. ஆனால் எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ என்ற சோனியின் வீடியோ ஃபார்மட் வைத்தால் இந்தக் கார்டில் பதிய முடியாது என்று கேமரா சொல்கிறது. கடையில் வி90 வாங்கச் சொல்கிறார்கள், விலை பல மடங்கு. 200 எம்பி போதாதா? (ஸ்டூடியோ வைத்திருப்பவர், கும்பகோணம்)

கார்டின் முகப்பில் பெரிதாக இருக்கும் எண் படிக்கும் வேகம். அதாவது எடுத்து முடித்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது கிடைக்கக்கூடிய உச்ச வேகம். எழுதும் வேகம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதுவும் உச்சம்தான், எப்போதும் கிடைக்கும் வேகம் அல்ல. வீடியோவுக்கு உச்சம் எவ்வளவு என்பது முக்கியமே இல்லை. எந்த நொடியிலும் இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று கார்டு தரும் உறுதிதான் வேண்டும். அந்த உறுதிதான் வி30, வி60, வி90 என்ற குறி. வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி, வி90 என்றால் குறைந்தது 90 எம்பி எழுதும்.

உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத் தகடுகள் ஒரே வரிசையில் இருந்தால் அது யூஎச்எஸ்-1. அந்த வகையின் அதிகபட்ச வேகமே நொடிக்கு 104 எம்பிதான். கீழே இன்னொரு வரிசை இருந்தால் யூஎச்எஸ்-2, அது 312 எம்பி வரை போகும். அப்படியென்றால் ஒற்றை வரிசைக் கார்டில் 200 எப்படி வந்தது? கம்பெனிகள் சொந்தமாக ஒரு வேக முறையைச் சேர்த்து, அது தெரிந்த ரீடரில் வைத்து அளந்த எண் அது. உங்கள் கேமராவுக்கு அந்த முறை தெரியாது, அதனால் பழைய 104-க்குள்தான் பேசும்.

சரி, உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? கேமராவில் வேகத்தை மெகாபிட்டில் போடுகிறார்கள், கார்டில் மெகாபைட்டில் போடுகிறார்கள். கேமரா எண்ணை 8-ஆல் வகுத்துக்கொண்டால் போதும். உங்கள் கேமராவில் 4கே 25பி (நொடிக்கு 25 ஃப்ரேம்), 10 பிட் எக்ஸ்ஏவிசி எஸ் எடுத்தால் 140 மெகாபிட், அதாவது நொடிக்கு 17.5 எம்பி. 50பி எடுத்தால் 200 மெகாபிட், 25 எம்பி. இந்த இரண்டும் வி30-க்குள் அடங்கும். நீங்கள் வைத்த எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்குவதால் 25பி-க்கே 250 மெகாபிட் கேட்கிறது, அது 31 எம்பிக்குச் சற்று மேல், வி30-ஐத் தாண்டிவிட்டது. 50பி என்றால் 500 மெகாபிட், 62.5 எம்பி, வி60-ஐயும் தாண்டிவிட்டது. கேமரா மறுத்தது இதனால்தான். மறுத்தது நல்லதுதான், கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பாதியில் நிற்பதைவிட முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

வி90 வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். 140 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 63 ஜிபி ஆகும், 500 மெகாபிட்டில் 225 ஜிபி ஆகும். முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றில் 400 ஜிபிக்குள் முடியும், இன்னொன்றில் 1,350 ஜிபி. அதற்குக் கார்டு மட்டும் போதாது, ஹார்ட் டிஸ்க், பேக்கப் டிஸ்க் எல்லாம் கூடவே வரும். எஸ்-ஐ ஃபைல் எடிட்டிங்கில் இலகுவாக ஓடும் என்பது உண்மைதான், ஆனால் கல்யாண வேலையில் வாடிக்கையாளர் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பது என் திடமான கருத்து. 4கே 25பி, 50பி சாதாரண எக்ஸ்ஏவிசி எஸ்-இல் எடுங்கள். பழைய வி30 கார்டுகளை வைத்துக்கொண்டு, புதிதாக வாங்குவதை மட்டும் யூஎச்எஸ்-2 வி60 ஆக வாங்குங்கள். விளம்பரப் படம், பாட்டு ஷூட் என்று எஸ்-ஐ கேட்கும் வேலை வந்தால் அன்றைக்கு வி90 வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோடியக்கரையில் பறவைகள் எடுக்கிறேன். நிக்கான் இசட்8. எஸ்டியைவிட வேகமான, விலை உயர்ந்த சிஎஃப்எக்ஸ்பிரஸ் வகைக் கார்டுதான் போட்டிருக்கிறேன். இருந்தும் பூநாரைக் கூட்டம் எழும்போது கொஞ்ச நேரத்திலேயே கேமரா விட்டு விட்டு எடுக்கிறது. பாதுகாப்புக்காக எஸ்டி கார்டிலும் ரா (ஜேபெக்காக மாற்றாத மூலப் படம்) பதிகிறேன். கேமராவில் கோளாறா? (வாசகர், வேதாரண்யம்)

கேமராவில் கோளாறு இல்லை. பாதுகாப்புக்காக எஸ்டி கார்டிலும் பதிகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே ராவை எழுதச் சொன்னால் இரண்டில் மெதுவான கார்டின் வேகத்துக்குத்தான் கேமரா போக முடியும். இசட்8-இல் ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகை, இன்னொன்று எஸ்டி. பெரிய ரா ஃபைலை நொடிக்கு 20 எடுக்கும்போது, நன்றாகச் சுருக்கி ஒரு படம் 30 எம்பி என்று வைத்துக்கொண்டால்கூட நொடிக்கு 600 எம்பி வந்து விழுகிறது. மிக நல்ல எஸ்டி கார்டும் 250 எம்பியைச் சுற்றித்தான் எழுதும். மிச்சமெல்லாம் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபரில் தேங்கி, பஃபர் நிறைந்ததும் கேமரா நிற்கிறது.

ராவைச் சிஎஃப்எக்ஸ்பிரஸுக்கும் ஜேபெக்கை எஸ்டிக்கும் பிரித்து வையுங்கள். ஒரு கார்டு போய்விட்டாலும் ஜேபெக் மிஞ்சும், பறவையும் தப்பாது. அப்புறம் ரா சுருக்கத்தில் ஹை எஃபிஷியன்சி ஸ்டார் வைத்துப் பாருங்கள், தரம் குறையாமல் சுருக்கும் லாஸ்லெஸ் ஃபைலைவிடக் கணிசமாகச் சின்னதாக வரும். இறகின் நுணுக்கம் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரே பறவையை இரண்டு விதமாகவும் எடுத்து நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், பயம் தெளிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விலை உயர்ந்த கார்டு என்று எழுதினீர்கள், எந்தக் கார்டு என்று எழுதவில்லை. சிஎஃப்எக்ஸ்பிரஸிலும் இதே உச்ச வேக விளையாட்டு உண்டு. முகப்பில் 1,700 எம்பி என்று இருக்கும். பல கார்டுகளில் வேகமாக எழுதக்கூடிய சின்னப் பகுதி ஒன்று முன்னால் இருக்கிறது, முதலில் எல்லாம் அதில்தான் போய் விழும். சின்னத் தொட்டி நிறையும் வரை குழாய் பாய்ந்து கொட்டுவது போல அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். நிறைந்த பிறகுதான் கார்டின் உண்மையான வேகம் தெரியும், மலிவான கார்டுகளில் அது சில நூறு எம்பிக்கு இறங்கிவிடும். கார்டு சூடேறினாலும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோடியக்கரை வெயிலில் இது நடக்காது என்று சொல்ல முடியாது. அதனால் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ‘தொடர்ந்து எழுதும் வேகம்’ என்று தனியாக ஒரு எண் கொடுத்திருக்கிறார்களா? விபிஜி400 என்ற முத்திரை இருக்கிறதா? அந்த முத்திரை இருந்தால் நொடிக்கு 400 எம்பிக்குக் கீழே இறங்காது என்பதற்குச் சோதித்துக் கொடுத்த உறுதி அது. 8கே ரா வீடியோ எடுக்கிறவர்களுக்கு இது மிக முக்கியம். கேனான் ஆர்5-இன் 8கே ரா மட்டும் 2,600 மெகாபிட், அதாவது நொடிக்கு 325 எம்பி.

கேள்வி: சிஎஃப்எக்ஸ்பிரஸ் ஏ, பி என்கிறார்களே, ஏ வாங்கி பி ஸ்லாட்டில் போடலாமா? எது வேகம்? எஸ்டி எக்ஸ்பிரஸ் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதாமே, அதற்குக் காத்திருக்கலாமா? (கல்லூரி மாணவி, கோவை)

போட முடியாதம்மா, அளவே வேறு. ஏ வகை 20-க்கு 28 மில்லிமீட்டர், எஸ்டி கார்டைவிடச் சின்னது. பி வகை 38.5-க்கு 29.8, கனமும் கூட. கம்ப்யூட்டர் எஸ்எஸ்டிகள் பேசும் அதே பிசிஐ முறையில்தான் இரண்டும் பேசுகின்றன. ஏ-க்கு ஒரு தடம், பி-க்கு இரண்டு தடம். அதனால் 2019-இல் வந்த 2.0 வரையறையின்படி ஏ நொடிக்கு 1 ஜிபி வரை, பி 2 ஜிபி வரை போகலாம். 2023-இல் வந்த 4.0 இந்த இரண்டையும் இரட்டிப்பாக்கியது. ஆனால் உங்கள் கேமரா பழைய முறையில் பேசுகிறது என்றால் 4.0 கார்டு போட்டாலும் படம் எடுக்கும்போது பழைய வேகம்தான் கிடைக்கும். 4.0 ரீடரில் காப்பி எடுக்கும்போது மட்டும் பலன் தெரியும்.

எது வாங்குவது என்பது உங்கள் கையில் இல்லை, கேமரா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. சோனி 2020-இல் ஏ7எஸ் மார்க் 3-இல் ஏ வகையைக் கொண்டுவந்தது. அதன் ஸ்லாட்டில் ஏ கார்டும் போடலாம், எஸ்டியும் போடலாம், இது பெரிய வசதி. கேனான், நிக்கான் மேல்நிலை கேமராக்கள் பி வகை. பழைய எக்ஸ்க்யூடி கார்டும் பி வகையும் ஒரே வடிவம் என்பதால் நிக்கான் இசட்6, இசட்7 முதல் தலைமுறை வைத்திருப்பவர்கள் கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தாலே சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி போட்டுக்கொள்ளலாம்.

எஸ்டி எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 2018-இல் அறிவித்தார்கள். அதன் மைக்ரோ எஸ்டி வடிவம் 2025-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவியில் வந்தது, கேமராக்காரர்கள் பக்கம் இன்னும் பெரிதாக வரவில்லை. அதோடு அந்தக் கார்டின் இரண்டாவது வரிசைத் தகடுகள் பிசிஐ-க்குப் போய்விட்டன. அதனால் இப்போது இருக்கும் யூஎச்எஸ்-2 கேமராவில் போட்டால் யூஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த வேகம் வாங்கியது போல் ஆகிவிடும்.

கேள்வி: ஆன்லைனில் பிரபலக் கம்பெனி பெயரில் 1 டிபி கார்டு, கடை விலையில் கால் பங்குக்குக் கிடைக்கிறது. மதிப்புரையும் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், நாமக்கல்)

வேண்டாம். கால் விலைக்கு அந்தக் கார்டு வரவே வராது. இந்தப் போலிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள், மதிப்புரை ஏன் நன்றாக இருக்கிறது என்பதும் புரியும். உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபிதான். கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லை மட்டும் மாற்றி எழுதி, கேட்கிறவர்களிடமெல்லாம் நான் 1 டிபி என்று சொல்ல வைத்திருப்பார்கள். கேமராவும் நம்பும், கம்ப்யூட்டரும் நம்பும். வாங்கியவர் பத்து படம் எடுத்துப் பார்ப்பார், எல்லாம் நன்றாக இருக்கும், ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார். உண்மையான கொள்ளளவு தாண்டிய பிறகுதான் விபரீதம். புதிதாக எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது எங்கேயும் விழாது. ஃபைல் பெயர் மட்டும் வரிசையாக இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

எந்தக் கடையில் வாங்கினாலும், தெரிந்த கடையாகவே இருந்தாலும், முதல் வேலைக்கு எடுத்துப்போகும் முன் கார்டை ஒருமுறை முழுக்கச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இவை கார்டு முழுவதையும் தெரிந்த தரவால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துப் பார்க்கும். பெரிய கார்டு என்றால் மணிக்கணக்கில் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். எழுதிய வேகமும் கடைசியில் வரும், அதனால் கொள்ளளவு சரியாக இருந்து வேகத்தில் ஏமாற்றும் போலிகளும் இதில் மாட்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள், சோதனையில் தோற்றால் திருப்பிக் கொடுக்க அது வேண்டும்.

கேள்வி: யூஎச்எஸ்-2 கார்டு வாங்கியும் கம்ப்யூட்டரில் காப்பி ஆக ஒரு மணி நேரம் ஆகிறது. (ஆல்பம் டிசைனர், மதுரை)

ரீடரைப் பாருங்கள். யூஎஸ்பி 2 ரீடர் என்றால் நடைமுறையில் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது, 128 ஜிபிக்கு ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு வரிசைத் தகட்டைத் தொடும் யூஎச்எஸ்-2 ரீடரை யூஎஸ்பி 3 துளையில் செருகினால் அதே வேலை ஒன்பது பத்து நிமிடம்தான். மடிக்கணினியில் கூடவே வரும் எஸ்டி துளைகள் பல யூஎச்எஸ்-1 மட்டுமே. போய்ச் சேரும் இடம் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதுவும் இழுத்துப் பிடிக்கும், முதலில் எஸ்எஸ்டியில் இறக்கிவிட்டுப் பிறகு டிஸ்குக்கு அனுப்புங்கள்.

கேள்வி: டிரோனுக்கு மைக்ரோ எஸ்டி வி60, வி90 தேட வேண்டுமா? (வாசகர், ஊட்டி)

சின்ன டிரோன்களுக்குத் தேவையில்லை. 150 மெகாபிட் என்றால் 19 எம்பிகூட இல்லை, அசல் வி30 போதும். ஏ1, ஏ2 என்ற குறி போனில் ஆப் ஓடுவதற்கானது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, உதவி கேமராமேனாக இருக்கிறேன். காப்பி எடுத்த கார்டு என்று நினைத்து நிச்சயதார்த்தக் கார்டைக் கேமராவில் ஃபார்மட் செய்துவிட்டேன். அதன் பிறகு எதுவும் எடுக்கவில்லை. முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. மீட்க முடியுமா? (திருநெல்வேலி)

தம்பி, அதன் பிறகு எதுவும் எடுக்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம். நல்ல வாய்ப்பு இருக்கிறது. சாதாரண ஃபார்மட் படங்களை அழிப்பதில்லை, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் காலி செய்கிறது. லோ லெவல் ஃபார்மட் என்று தனியாக டிக் செய்திருந்தால் மட்டும் நிலைமை கடினம்.

கார்டை வெளியே எடு. பக்கவாட்டில் பூட்டுத் துண்டு இருந்தால் கீழே தள்ளிவிடு. ஒரே வார்ப்பாக வரும் சோனி டஃப் போன்ற கார்டில் அது இருக்காது, அப்படியென்றால் தனியே ஒரு உறையில் போட்டு எழுதி வை. பிறகு கார்டு முழுவதையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாகக் கம்ப்யூட்டரில் பிரதி எடு, மீட்கும் முயற்சி எல்லாம் அந்தப் பிரதியில்தான், கார்டில் அல்ல. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் போதும், கார்டு கம்பெனிகள் கொடுக்கும் மீட்பு மென்பொருளும் உண்டு. மீட்டதை வேறு டிஸ்கில் சேமி. படங்கள் பெரும்பாலும் வந்துவிடும். வீடியோ கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். ஃபைல் பெரியது, துண்டு துண்டாகக் கிடக்கலாம், அதை ஓட்டத் தேவையான குறிப்பு ஃபைலின் கடைசியில் இருக்கலாம். ஓடாத வீடியோ வந்தால் அழித்துவிடாதே, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்துச் சரி செய்யும் மென்பொருட்கள் இருக்கின்றன. அதிலும் வரவில்லை என்றால் தரவு மீட்பு நிலையத்துக்குப் போக வேண்டியதுதான்.

முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிடு. நீ மறைத்து வைத்திருக்கும் நேரத்தில் அவர் அதே கார்டை அடுத்த வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: 512 ஜிபி ஒன்றா, 128 ஜிபி நான்கா? பழைய கல்யாணங்களைக் கார்டிலேயே சேர்த்து வைத்திருக்கிறேன். (வாசகர், ஈரோடு)

இரண்டு ஸ்லாட் கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிகிறீர்கள் என்றால் பெரிய கார்டே நல்லது. நடுவில் கார்டு மாற்றும் வேலை இருக்காது. மாற்றும்போதுதான் கார்டு கீழே விழுவதும், எடுத்த கார்டும் எடுக்காத கார்டும் கலந்துபோவதும். ஒற்றை ஸ்லாட் கேமரா என்றால் நான்கு 128-தான் என் பரிந்துரை. ஒன்று போனாலும் முகூர்த்தம் முழுக்கப் போகாது. தாலி கட்டி முடிந்ததும் கார்டை மாற்றி, எடுத்ததை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பேக்கில் வேண்டாம்.

எந்த அளவு வாங்கினாலும் ஒவ்வொரு கார்டிலும் மார்க்கரால் எண் எழுதுங்கள். எடுத்து முடித்த கார்டைப் பெட்டியில் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் உதவியாளருக்கும் குழப்பம் வராது. இரண்டு வேறு டிஸ்கில் காப்பி ஏறி, இரண்டிலிருந்தும் சில ஃபைல்களைத் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மட், அதையும் கம்ப்யூட்டரில் செய்யாமல் எடுக்கப்போகும் கேமராவிலேயே செய்யுங்கள். பழைய கல்யாணங்களைக் கார்டிலேயே சேர்த்து வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். கார்டு அதற்கானது அல்ல, மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதில் இருப்பது மெல்லக் கசிந்து போகலாம். இந்த வாரமே டிஸ்கில் இறக்கிவிடுங்கள்.